வாசலில் நிற்க வைத்த வாத்தியார்

போன மாதம் பேரனின் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம். மகளுக்கும் மருமகனுக்கும் வேலை இருந்ததால் நான் போனேன். எரிச்சலோடுதான் வீடு திரும்பினேன்.

சிங்கப்பூரின் பொங்கோல் பேட்டையில் புதிதாகக் கட்டிய பள்ளி அது. குளிரூட்டிய மண்டபம், மெத்தை வைத்த நாற்காலி. மேடையில் ஓர் இளைஞர் பெரிய திரையில் படங்களை ஓடவிட்டபடி பேசினார். பிள்ளைகள் மனம்விட்டுப் பேச ஒரு பெரியவராவது பள்ளியில் இருக்க வேண்டுமாம். உடன் உட்கார ஒரு நண்பராவது வேண்டுமாம். ஆசிரியர்களும் தனியாக விடப்படக் கூடாதாம். வீடும் பள்ளியும் ஒன்றோடொன்று பேச வேண்டுமாம். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நேற்றுக் காலையில்தான் யாரோ கண்டுபிடித்த விஷயம்போல அவர் சொன்னார் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நம் வயதுக்காரர்களான உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். பிள்ளைகளிடம் சொன்னால் "அப்போ காலம் வேறம்மா" என்று முடித்துவிடுகிறார்கள். காலம் வேறுதான். பத்து வயதுப் பிள்ளைக்கு அப்போதும் பத்து வயதுதானே?

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது எங்கள் தமிழ்ப் பள்ளி. தகரக் கூரை. மழை பெய்தால் வாத்தியார் பேசுவது கேட்காது. மழை விடும்வரை படம் வரையச் சொல்லிவிடுவார். பின்பக்கம் மாவு மில். மிளகாய் அரைக்கும் நாளில் வகுப்பு முழுவதும் தும்மும். வாத்தியாரும் தும்முவார். தும்மி முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, எங்க விட்டோம்?" என்பார்.

அவர் எங்களுக்குப் பாடம் மட்டும் நடத்தியவர் இல்லை. சாயங்காலம் எங்கள் கடைவீட்டு மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும். எந்த வீட்டில் அப்பாவுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை, எந்த வீட்டில் கைக்குழந்தை தூங்க விடுவதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு பிள்ளை வகுப்பில் தூங்கினால் எழுப்பமாட்டார். ஏன் தூங்குகிறது என்று அவருக்குத் தெரியுமே.

என் பக்கத்துப் பெஞ்சுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், வெண்கலக் குரல். அவள் செய்யுள் சொன்னால் எதிர் வரிசைப் பூக்கடைக்காரர் மாலை கட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையாட்டுவார். எனக்குக் கணக்கு நன்றாக வரும், வாய் வராது. அவளுக்கு வாய் வரும், கணக்கு வராது. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு நல்ல மாணவி என்று வாத்தியார் கேலி செய்வார்.

அந்தப் பள்ளியை மூடினார்கள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்றார்கள், அது உண்மைதான். எங்கள் அப்பாவே, "இனிமே இங்கிலீஷ்தான் சோறு போடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மிஞ்சியிருந்த எங்களை, கொஞ்ச தூரத்தில் இருந்த பெரிய ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வாத்தியாரும் தமிழ் மொழி ஆசிரியராக அங்கேயே வந்தார். அதனால் எங்களுக்குப் பயம் இல்லை. சார்தான் இருக்கிறாரே என்று நினைத்தோம்.

புதிய பள்ளியில் மூன்று மாடி. நடைபாதையெங்கும் கிருமிநாசினி வாடை. வெள்ளைக் கான்வாஸ் காலணிக்கு ஈரச் சுண்ணாம்புபோல ஒன்றைப் பூசி வெயிலில் காயவைக்க வேண்டும். நடந்தால் வெள்ளைத் தூள் உதிரும். வகுப்பாசிரியைக்கு எங்கள் பெயர்கள் வாயில் நுழையவில்லை. முதல் எழுத்தை மட்டும் வைத்துக் கூப்பிட்டார். முதல் நாள் என் தோழியை அப்படிக் கூப்பிட்டபோது, அது தன்னைத்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, யாரை இப்படி அழைக்கிறார்கள் என்று அவளும் சுற்றிப் பார்த்தாள். மந்தமான பிள்ளை என்ற முடிவு அன்றைக்கே எடுக்கப்பட்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் அவளை எழுந்து ஆங்கிலப் பாடம் வாசிக்கச் சொன்னார்கள். அவளுக்குத் தெரிந்தபடி வாசித்தாள். செய்யுள் ஒப்பிப்பதுபோல, ராகம் போட்டு, வெளிக் கதவுவரைக்கும் கேட்கிற மாதிரி. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஆசிரியையும் சிரிப்பை அடக்க வாயில் கையை வைத்துக்கொண்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அன்றிலிருந்து என் தோழி அந்தப் பள்ளிக்கூடத்தில் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் மேசையைப் பார்ப்பாள். இடைவேளையில் என்னிடம் மட்டும், அதுவும் காதோடு காதாகப் பேசுவாள்.

சாரிடம் போகலாம் என்றால், தமிழ்ப் பாட நேரம் முடிந்துவிட்டால் சார் எங்களைப் பார்க்கவே இல்லை. இதைத்தான் அந்த வயதில் தாங்க முடியவில்லை. நடைபாதையில் எதிரே வருவார். வேட்டி போய் கால்சட்டை வந்திருந்தது, கழுத்தில் டை. "வணக்கம் சார்" என்போம். ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொல்லிவிட்டு, நிற்காமல் போய்விடுவார். தமிழ் வகுப்புக்கு வெளியே பிள்ளைகளோடு தமிழில் பேசக் கூடாது, பேசினால் அவர்களுக்கு ஆங்கிலம் வராது என்று தலைமையாசிரியை அவருக்கு உத்தரவு போட்டிருந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆசிரியர் அறையில் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கடைசி மேசை அவருடையது. கதவு திறந்திருக்கும்போது பார்ப்போம். மற்றவர்கள் நடுமேசையில் சேர்ந்து சாப்பிட, அவர் சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார். பெருமைக்காரராகிவிட்டார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அவரோடு அங்கே யாருமே பேசவில்லை என்பது எனக்கு நானே வேலைக்குப் போன பிறகுதான் உறைத்தது.

ஒருநாள் இடைவேளை முடிந்து மணி அடித்தது. என் தோழி வகுப்புக்கு வரவில்லை. கழிவறை, சிற்றுண்டிச்சாலை, மாடி எல்லாம் தேடினார்கள். வெளிக் கதவு திறந்திருந்தது. ஆசிரியைகள் பதறிப்போய் ஓடினார்கள். என்னைக் கேட்டார்கள், ஆங்கிலத்தில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஆங்கிலம் போதவில்லை. கைகாட்டினேன், அழுதேன். அப்போதுதான் சார் படியிறங்கி வந்தார். நான் தமிழில் கத்தினேன்:

"சார், அவ பழைய ஸ்கூலுக்குத்தான் போயிருப்பா!"

அவர் ஓடினார். தன் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு, டை தோளுக்குப் பின்னால் பறக்க ஓடினார்.

அவள் அங்கேதான் இருந்திருக்கிறாள். கதவில் சங்கிலி போட்டிருந்ததாம். கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாளாம். சார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாராம். திட்டவில்லையாம். டையைக் கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாராம். மில்லிலிருந்து மிளகாய் நெடி வந்து இருவரும் தும்மினார்களாம். அதன்பிறகு எழுந்து நடந்து வந்தார்களாம். இதை அவள் என்னிடம் சொன்னபோது நெடுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

தலைமையாசிரியை கெட்டவர் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. தன் அறையில் அவளை உட்காரவைத்து, மைலோ கலக்கிக் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டவர் அவர்தான். இவளை எப்படியாவது தேற்ற வேண்டும் என்று அவர் உண்மையாகவே யோசித்தார். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். இந்த இரண்டு பெண்களும் ஒட்டிக்கொண்டே திரிவதால்தான் ஆங்கிலம் ஏறவில்லை, மற்ற பிள்ளைகளோடு பழகவில்லை, பிரித்துவிட்டால் சரியாகிவிடும்.

அப்போது பள்ளிகளில் இரண்டு நேரம் உண்டு, ஞாபகம் இருக்கிறதா? காலைப் பிள்ளைகள் போனதும் அதே நாற்காலிகளில் பிற்பகல் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். என்னைக் காலை வகுப்பிலேயே வைத்துவிட்டு, அவளைப் பிற்பகல் வகுப்புக்கு, படிப்பில் பின்தங்கியவர்களோடு மாற்றினார்கள். பேசாத ஒரு பிள்ளைக்குப் பேச்சுத் துணைக்கு இருந்த ஒரே ஆளையும் எடுத்துவிட்டால் அது பேசும் என்று படித்தவர்கள் நினைத்தார்கள். இன்றைக்கும் எனக்கு இது பிடிபடவில்லை.

நாங்கள் போகும்போது அவர்கள் வருவார்கள். உச்சி வெயில். வாசலில் காலைப் பிள்ளைகளின் வேர்வையும் பிற்பகல் பிள்ளைகளின் பவுடர் வாசனையும் கலந்து அடிக்கும். வெளியே ஐஸ்பந்துக்காரர் பனிக்கட்டியைச் சீவி உருட்டி, சிவப்புச் சாறும் பச்சைச் சாறும் ஊற்றிக் கொடுப்பார். அந்தக் கூட்டத்தில் நானும் அவளும் ஒருவரையொருவர் தேடுவோம். கண்டுபிடித்தாலும் நிற்க முடியாது. வரிசை தள்ளிக்கொண்டு போய்விடும். ஒருநாள் கைவிரல்கள் பட்டன, அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் கழித்து வாசலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை சார் ஏற்றுக்கொண்டார். தானே கேட்டு வாங்கினாராம். வந்த முதல் நாளே என்னைப் பார்த்து, "நில்லு. நகத்தைக் காட்டு" என்றார். காட்டினேன். "சுத்தமா இல்ல. போய் அந்தச் சுவத்தோரமா நில்லு" என்றார். சற்று நேரத்தில் என் தோழி உள்ளே நுழைந்தாள். அவளுக்கும் அதே கேள்வி, அதே தண்டனை. இருவரும் சுவரோரமாக நின்றோம். மணி அடிக்கும் நேரத்தில், "சரி, போங்க" என்று விரட்டினார்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும். வேறு எந்தப் பிள்ளையின் நகத்தையும் அவர் பார்க்கவில்லை. எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. வீட்டில் அப்பாவின் பிளேடால் சதை தெரிய நகத்தை வெட்டிக்கொண்டு போனேன். அப்போதும், "ம்... போய் நில்லு" என்றார்.

"நம்ம மேல என்ன கோவம்டி இவருக்கு?" என்று சுவரோரத்தில் நின்று பொருமினேன்.

என் தோழி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "உனக்கு இன்னுமா புரியல? நம்மள பேச விடத்தான்டி நிக்க வெக்கிறாரு. பாரு, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு."

பார்த்தேன். சார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாரும் எங்கள் பக்கம் வராதபடி குறுக்கே நின்றிருந்தார்.

மந்தம் என்று பிற்பகல் வகுப்புக்கு அனுப்பப்பட்ட பெண்ணுக்கு முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டது. கணக்கில் முதலாக வந்த எனக்கு அவள் சொல்லித்தான் தெரிந்தது.

பிறகு அந்தச் சுவர் எங்களுடையதாயிற்று. ஓர் ஐஸ்பந்தை மாற்றி மாற்றி உறிஞ்சுவோம். உதடு, கை, சட்டை எல்லாம் சிவப்பு. பிற்பகல் வகுப்பில் நடந்ததையெல்லாம் அவள் நடித்துக் காட்டுவாள். காலையில் நான் படித்த ஆங்கிலப் பாடத்தை அவளுக்குச் சொல்வேன். அதே பாடம்தான் பிற்பகலில் அவளுக்கும் வரும். ஒருநாள் ஓடி வந்தாள். "நேத்து கேட்டாங்க, நான் பதில் சொல்லிட்டேன் லா! ஒரே ஒரு வார்த்தைதான். கரெக்ட்டுன்னாங்க." சார் திரும்பவில்லை. ஆனால் அவர் தோள் லேசாக அசைந்தது. சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அது நிலைக்கவில்லை. கெடுத்தது எதிரி யாரும் இல்லை. என் அம்மா.

கீழ்வீட்டு அக்கா தேக்காச் சந்தைக்குப் போகும் வழியில் பார்த்திருக்கிறார். "உங்க பொண்ண தெனமும் வெயில்ல நிக்க வெக்கிறாரே அந்த வாத்தியாரு, தெரியுமா?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா சிறு வயதில் ஜொகூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் படித்தவர். அங்கே முழங்கால் போட்டு வெயிலில் நின்றவர். அந்தத் தழும்பை எனக்குக் காட்டியிருக்கிறார். அவருக்குப் பொறுக்குமா?

"அம்மா, அது தண்டனை இல்லம்மா" என்றேன்.

"அவருக்குப் பயந்துகிட்டு சொல்ற நீ."

மறுநாள் கையில் சந்தைக் கூடையோடு நேராகத் தலைமையாசிரியையின் அறைக்கே போய்விட்டார். என்னையும் கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தலைமையாசிரியைக்குத் தமிழ் தெரியாது. பள்ளியில் இரண்டும் தெரிந்தவர் ஒருவர்தான். எனவே, அம்மா சொல்வதை மொழிபெயர்க்க சாரையே வரவழைத்தார்கள்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். தன்மேல் சொல்லப்படும் புகாரை அவரே மொழிபெயர்க்க வேண்டும்.

"உங்கள நம்பித்தானே சார் அனுப்பினேன்?" அம்மாவின் குரல் உடைந்தது. "எங்க வீட்டுல எத்தன நாள் டீ குடிச்சிருக்கீங்க. என் புள்ள நகத்துல என்ன அழுக்கக் கண்டுட்டீங்க? ஏழைப் புள்ளைன்னா நிக்க வெச்சிடுவீங்களா?"

சார் தலைமையாசிரியையின் பக்கம் திரும்பி அதை ஆங்கிலத்தில் சொன்னார். நிதானமாக, எதையும் விடாமல் சொன்னார். தலைமையாசிரியை அது உண்மையா என்று கேட்டார். ஆம் என்றார். ஏன் இந்த இருவரை மட்டும் என்று கேட்டார். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பிரித்துவைக்கச் சொன்னவரிடமே, சேர்த்துவைக்கத்தான் என்று எப்படிச் சொல்வார்?

"அம்மா, சார் வந்து..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ பயப்படாத. அதான் நான் வந்துட்டேன்ல" என்று அம்மா என்னை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டார். என் முகம் கூடையில் இருந்த கறிவேப்பிலையில் புதைந்தது. மிச்சத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

தலைமையாசிரியை அம்மாவைப் பாராட்டினார். உங்களைப்போல அக்கறையுள்ள பெற்றோர்தான் எங்களுக்கு வேண்டும் என்றார். அதையும் சார்தான் தமிழில் சொன்னார். கடைசியாகத் தன் சார்பில், "இனிமே நிக்க வெக்க மாட்டேம்மா. மன்னிச்சிடுங்க" என்றார்.

அந்த அறையில் மூன்று பெரியவர்கள். மூவரும் பிள்ளைகளின் நன்மைக்காகத்தான் அங்கே நின்றார்கள். ஆனாலும் உண்மை மட்டும் யார் வாயிலிருந்தும் வரவில்லை. நினைக்க நினைக்க எனக்கு இன்றும் ரத்தம் கொதிக்கிறது. ஆத்திரம் யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வாசலுக்கு மாணவத் தலைவர்களைப் போட்டார்கள். அவர்கள் வரிசையை நிற்கவிடாமல் தள்ளினார்கள். தூரத்திலிருந்து கையாட்டுவோம். பிறகு சில நாள் தேடினால் அவள் இருக்கமாட்டாள். வீட்டில் தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று நின்றுவிடுவாள். நிற்பது வழக்கமாகிவிட்டது. தொடக்கப் பள்ளிக் கடைசித் தேர்வில் நான் தேறினேன், அவள் தேறவில்லை. அரசாங்கம் கடைவீடுகளைக் காலி செய்தபோது எங்களுக்கு ஓர் அடுக்குமாடிப் பேட்டையில் வீடு கிடைத்தது, அவர்களுக்கு வேறொரு பேட்டையில். அத்தோடு தொடர்பு போயிற்று.

சாரை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். பல வருடம் கழித்து, என் கல்யாணத்துக்குப் பிறகு, காத்தோங்கில் பிள்ளையார் கோயில் வாசலில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. என் கணவரைப் பற்றிக் கேட்கவில்லை, வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. முதல் கேள்வி, "ரெண்டு பேரும் இப்பவும் பேசிக்கிறீங்களாம்மா?" என்பதுதான்.

"இல்ல சார். எங்க இருக்கான்னே தெரியல."

"ஓ" என்றார். செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

அம்மாவின் கடைசிக் காலத்தில்தான் நடந்தது எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். படுக்கையில் சாய்ந்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அவரு என்கிட்ட சொல்லியிருக்கலாமே! தமிழ்ல ஒரு வார்த்த. அந்தப் பெரிய டீச்சரம்மாவுக்கு என்ன புரியப்போவுது? சொல்லியிருந்தா நானே தெனமும் வந்து வாசல்ல நின்னு உங்க ரெண்டு பேரையும் பேச விட்டிருப்பேனே."

உண்மைதான். ஒரு வாக்கியம் போதும். அவர் வாயில் அது ஏன் வரவில்லை என்பதைத்தான் இத்தனை காலமாக யோசிக்கிறேன். அம்மாவின் கோபத்துக்குப் பயந்தாரா, வேலை போய்விடும் என்று பயந்தாரா? எனக்குத் தோன்றுவது வேறு. அந்தப் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து யாருமே அவரை நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. அடுத்தவர் பேச்சைச் சொல்லிப் பழகிவிட்டார். தன் பேச்சு வரவில்லை.

சில வருடங்களுக்கு முன் தேக்காவில் மீன் கடை வரிசையில், "நண்டு உயிரோட இருக்கா, இல்ல நடிக்குதா?" என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலைத் தவறவிட முடியுமா? திரும்பினேன். சடையில்லை, குட்டையாக வெட்டிய வெள்ளை முடி. ஆனால் அவள்தான்.

பாசிர் ரிஸில் இருக்கிறாளாம். மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றிருக்கிறாள். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, நுரை பொங்க ஆற்றிய தே தாரே குடித்தோம். பேச்சுக்கு நடுவே, சாதாரணமாகச் சொன்னாள்:

"எனக்குப் படிப்பு வராதுன்னு சொன்னாங்க. நானும் நம்பிட்டேன் லா. ஆபீஸ்ல கோர்ஸுக்கு அனுப்புறோம்னாங்க, பல தடவ. வேணாம்னுட்டேன். மறுபடி கிளாஸ்ரூம்ல போய் உக்காரணுமேன்னுதான்."

அம்மா சொன்னதை அவளிடம் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்தாள்.

"உங்கம்மா வாசல்ல நின்னிருந்தா, நான் படிச்சிருப்பேனான்னு தெரியலடி" என்றாள். "பேசியிருப்பேன்."

கடைக்காரர் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைக்கத் தொடங்கினார். எங்கள் மேசைக்கு வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, அடுத்த மேசைக்குப் போனார். நாங்கள் எழுந்திருக்கவில்லை.